ஓடாத காருக்கும் சிசி கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வாகன இறக்குமதி பற்றி உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் புதுக் கார்களைப் பற்றியே எழுதுகிறார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் மூடிய இறக்குமதிக் கதவை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அன்றிலிருந்து எந்த ஜப்பான் கார் என்ன விலை, எந்த ஹைபிரிட்டுக்கு என்ன வரி என்பதுதான் பேச்சு. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் தம்பிகூட, "இனி என்ன அங்கிள், உங்கட கிழட்டுக் காரைத் தள்ளிப்போட்டு ஒன்று எடுங்கோவன்" என்றார். நான் எழுத வந்தது அந்தக் கிழட்டுக் காரைப் பற்றித்தான். சரியாகச் சொன்னால், அதற்குச் சாமான் கழற்றுவதற்காக நான் கொண்டுவர நினைத்த, இனி ஒரு நாளும் ஓடப்போகாத இன்னொரு காரைப் பற்றி.

என்னுடையது மொறிஸ் ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3. 1958ஆம் ஆண்டு, ஸ்ரீ இலக்கம். இலக்கத்தகட்டில் இருந்த அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்தை அழிக்க அந்தக் காலத்தில் ஊரெல்லாம் தார்வாளியோடு திரிந்ததாக அப்பா சொல்லுவார். ஆனால் அவர் இந்தக் காரை வாங்கியது 1966ல், தார் காய்ந்து வெகுகாலத்துக்குப் பிறகு. அப்பா இங்கே திருகோணமலை டொக்யார்ட்டில் பிற்றராக இருந்தவர். 1957ல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவருடைய வேலையும் கூடவே கப்பலேறியது. அதன்பிறகு வீட்டுக் கோடிக்குள் சின்னதாய் ஒரு கராஜ் போட்டார். ஒரு டொக்டர் திருத்தக் கொண்டுவந்து விட்ட கார் இது. அவர் இடம்மாறிப் போகும்போது திருத்துகூலிக்கும் மேலே கொஞ்சக் காசுக்குமாக அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். நான் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் பிற்றராக வேலை செய்தேன். லேலண்ட் எஞ்சின்களோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்து இதைத் திறந்தால் ஓய்வு எடுப்பதுபோல இருக்கும்.

அப்போது நாங்கள் திருக்கடலூரில் இருந்தோம். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது கார் கொட்டிலுக்குள் நின்றது. தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வளவு மதிலோடு சாய்த்து வைத்துவிட்டுப் போயிற்று. வீட்டில் எல்லோரும் தப்பினோம், அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. முகாமிலிருந்து திரும்பி வந்த அன்றே எஞ்சினைத் திறந்து டீசல் ஊற்றி ஊற வைத்தேன். கிணறும் உப்பாகிப் போயிருந்தது. பவுசரில் வந்த குடிதண்ணீரில் இரண்டு வாளி எடுத்து அடித்தட்டைக் கழுவினேன். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறானே என்று மனிசி பேசியது இன்றைக்கும் பேச்சுத்தான். மூன்றாவது மாதம் கார் ஓடியது.

ஆனால் உப்புக்கு அவசரமில்லை. உவர்மலைக்கு வீடு மாறி வந்து பல வருடம் கழித்து, 2017ல், பின் வலதுபக்கக் கதவின் கண்ணாடி கீழே இறங்க மறுத்தது. உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். கதவின் அடியில் ஒரு சிரட்டை அளவு கடல் மணல். சிப்பித் துண்டுகூட இருந்தது. கையால் அள்ளி எடுக்கும்போது மணலோடு சேர்ந்து கதவின் அடித்தகடும் பொருக்காய் வந்துவிட்டது. பதின்மூன்று வருடம் அந்த மணல் ஒவ்வொரு மாரிக்கும் நனைந்து நனைந்து தகட்டைத் தின்றிருக்கிறது. அதற்குப் பிறகு சந்தேகத்தில் மற்றக் கதவுகளையும், சீற்றுக்குக் கீழேயும், படிப்பலகையையும் குத்தூசியால் குத்திப் பார்த்தேன். எத்தனை இடத்தில் உள்ளே இறங்கியது என்று எழுதினால் காரை விற்க முடியாமல் போகும், விடுவோம்.

இப்போது வாசகர்கள் கேட்பார்கள், கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமானா என்று. மொறிஸ் மைனர் என்றால் கிடைக்கும். மைனருக்குத் தேவையான மட்கார்ட், கதவுத் தகடு எல்லாம் எங்கள் நாட்டிலேயே தென்பகுதியில் அடித்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். வெள்ளைக்காரனின் காருக்கு எங்கள் பாஸ்மார் தகடு அடித்து அனுப்புகிறார்கள் என்று நினைக்கவே எனக்குப் பெருமைதான். ஆனால் ஒக்ஸ்போர்ட், மைனரின் பெரியண்ணன். அண்ணனுக்கு ஒருவரும் ஒன்றும் அடிப்பதில்லை. நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் இருந்த வயதான முதலாளி, "ஒக்ஸ்போர்ட் நே மாத்தயா" (ஒக்ஸ்போர்ட் இல்லை ஐயா) என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கதிரையைப் போட்டு, பிளேன்டீயும் வாங்கித் தந்தார். சாமான் இல்லாத கடையில்தான் உபசாரம் அதிகம்.

ஒக்ஸ்போர்ட்டின் சாமான் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம். இந்தியாவில் அம்பாசிடர் என்று ஓடியது வேறெதுவுமில்லை, இந்த ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3தான். இங்கிலாந்தில் இதன் காலம் 1959ல் முடிந்தது. ஆனால் அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் வாங்கிக்கொண்டுபோய்க் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாறாவில் 2014 மே மாதம் வரை அதே உருவத்தில் செய்துகொண்டிருந்தது. முன்கிறில் மாறியது, பம்பர் மாறியது, டீசல் எஞ்சின் வந்தது, கடைசியில் ஜப்பான் எஞ்சினும் வந்தது. ஆனாலும் முதுகின் கூனல் மாறவில்லை. 1959க்குப் பிறகு வந்த பழைய பெற்றோல் அம்பாசிடர்களில் இருப்பது என் காரில் இருக்கும் அதே 1489 சிசி கொள்ளளவு எஞ்சின். என் தங்கச்சி குடும்பம் 1990ல் அகதியாய்ப் போய்த் திருச்சியிலேயே தங்கிவிட்டது. அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சந்திச் சந்தியாய் என் காரின் சொந்தக்காரர்கள் வெள்ளைப் பெயின்ற் அடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது கலியாண வீட்டுக்குப் போனதுபோல.

2018ல் ஒரு பேத்தியின் சாமத்தியச் சடங்குக்குப் போன இடத்தில்தான் விஷயம் தொடங்கியது. சடங்கு முடிந்த அடுத்த நாள், மச்சான் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். ஒரு வேப்பமரத்துக்குக் கீழே அம்பாசிடர் மார்க் 2 ஒன்று. ஏதோ அரச அலுவலகத்தில் ஓடி ஓய்ந்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது, ரயர் நாலும் மண்ணுக்குள், கோழி ஒன்று பின்சீற்றில் அடைகிடந்தது. நான் குனிந்து கதவின் அடித்தகட்டை விரல் முட்டியால் தட்டினேன். டங் என்றது. அடுத்த கதவு, டங். படிப்பலகை, டங். என் காரில் இந்த இடங்களைத் தட்டினால் பப்படம் நொருங்குகிற சத்தம்தான் வரும். திருச்சி வெயில் பெயின்றைத் தின்னும், தகட்டைத் தின்னாது. அங்கே கடற்காற்று இல்லை.

கிடங்குக்காரர் விலையே சொல்லவில்லை. "மொத்தமா தூக்கிட்டுப் போங்க சார், எடை போட்டுக்கலாம்" என்றார். கிலோக் கணக்கு! அவருக்கு அது இரும்பு. ஒரு கதவும் இரண்டு கண்ணாடியும் கேட்கத்தான் போனேன், அவர் முழுக் காரையும் நீட்டுகிறார். அன்று இரவு நித்திரை வரவில்லை. நாலு கதவு, பொனற், டிக்கி மூடி, கண்ணாடிகள், கியர்பெட்டி, டிபரன்சல், ஸ்டியரிங்கோடு இருக்கும் கை கியரின் கம்பிகள், எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றோடொன்று பொருந்தி, ஆணிகூடக் குறையாமல். பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும், சாமானைவிட அந்தச் சாமானைப் பிடிக்கும் சின்ன நட்டுகளுக்கும் கிளிப்புகளுக்கும்தான் அலைச்சல் அதிகம். பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துவிட்டு, கொழும்பில் கப்பல் அலுவல் பார்க்கும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். காராகக் கொண்டுவந்தால் அது பாவித்த கார். பாவித்த காருக்கு வயதெல்லை உண்டு, அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய வருடங்கள். அதைத் தாண்டிவிட்டால் விசேட அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் தீர்வை எஞ்சினின் சிசியைப் பார்த்து. "எஞ்சின் இறுகிப்போச்சுது தம்பி, அது ஓடாது" என்றேன். "ஓடினாலும் ஓடாட்டிலும் சிசி சிசிதான் ஐயா" என்றார். அப்படியானால் பாதியாய் வெட்டிச் சாமானாய்க் கொண்டுவருகிறேன் என்றேன். வெட்டிய உடலுக்கும் தனியாக இறக்குமதி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டுமாம். அது வியாபாரமாய்ச் செய்கிறவர்களுக்குச் சரி, ஒரு காருக்காக ஒரு ஆள் அந்தக் கடுதாசிகளோடு அலைந்தால் காரைவிட ஆள்தான் முதலில் கழரும்.

யாரோ ஒருவர் எனக்குக் கார்னே பற்றியும் சொன்னார். உலகம் சுற்றுகிற வெள்ளைக்காரர்கள் காரையோ மோட்டார் சைக்கிளையோ கொண்டுவரும்போது கையில் வைத்திருக்கிற சுங்கப் புத்தகம் அது. ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை குத்தி ஒரு துண்டு கிழிப்பார்கள். வரி கட்டத் தேவையில்லை, ஆனால் சொந்த நாட்டில் பிணைக்காசு கட்டியிருக்க வேண்டும். இங்கே அந்த அலுவலோடு சம்பந்தப்பட்டது இலங்கை ஓட்டோமொபைல் சங்கம், 1904ல் தொடங்கிய பழைய சங்கம். கார்னேயின் அடிப்படையே வந்த வாகனம் வந்தபடி திரும்பிப் போகவேண்டும் என்பதுதான். போகாவிட்டால் பிணைக்காசிலிருந்து வரியை எடுத்துக்கொள்வார்கள். நான் கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா? அது சாமான் கழற்றுகிற ஆட்களுக்கான வழியே இல்லை. அத்தோடு, அம்பாசிடரின் பின்சீற்றில் அடைகிடந்த கோழிக்கும் கார்னேயில் இடம் இருக்காது.

இன்னொன்று, எதில் ஏற்றிவருவது? தனுஷ்கோடித் துறை 1964 டிசம்பர் புயலோடு போயிற்று. அதன்பிறகு இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் யுத்தம் தொடங்கியதோடு நின்றது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியபோது நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் அது ஆட்கள் போகிற கப்பல். பையோடு ஏறலாம், கதவோடு ஏற முடியாது. அப்படியென்றால் கொண்டெய்னரில் போட்டுக் கொழும்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லொறியில் 250 கிலோமீற்றருக்கு மேல் இங்கே இழுக்க வேண்டும். என் வீட்டு முற்றத்தில் நின்றால் கோதுமைக் கப்பல் மாவாலைக்கு வருவது தெரியும். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. உலகத்திலேயே ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் படிப்பிக்கிறோம். ஒரு கார்க் கதவு இறக்க வழியில்லை.

கடைசியில் நான் கொண்டுவந்தது விமானத்தில் விட்ட 30 கிலோவுக்குள் அடங்கியது மட்டும். ஸ்டார்ட்டர் மோட்டர், டைனமோ, டிபரன்சலின் பெரிய பல்சக்கரமும் அதன் பினியனும், கொஞ்சம் கிளிப்புகள், ஒரு கண்ணாடி இறக்கும் கைபிடி. உடுப்புகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். இங்கே இறங்கியதும் எக்ஸ்ரேயில் பார்த்த அலுவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். செப்புக்கம்பி சுற்றிய உருளை, பக்கத்தில் பல்லுப் பல்லாய் ஒரு இரும்பு, வந்திருக்கிற ஆள் திருகோணமலைத் தமிழன். எனக்கே என் பெட்டியைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஸ்டார்ட்டரைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பினியனைத் தள்ளிப் பார்த்தார். பிறகு சிங்களத்தில், "ஐயா, இது எந்தக் காருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அவருடைய மாமனாரிடம் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஒன்று இருக்கிறதாம், இதே எஞ்சின். பத்து நிமிடம் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, நாங்கள் இரண்டு பேரும் டைனமோவைப் பற்றிக் கதைத்தோம். வரி கேட்கவில்லை. மனிதன் நல்லவர். ஆனால் இது ஒரு நல்ல மனிதனின் மனதை நம்பிச் செய்கிற காரியமாக இருக்கக்கூடாது என்பதுதான் என் வழக்கு.

அரசாங்கத்தின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. சாமானுக்கு என்று கொண்டுவந்து, இங்கே ஒட்டவைத்து, செத்த ஒரு காரின் பதிவுப் புத்தகத்தை அதற்குக் கொடுத்துப் புதுக் காராய் விற்றவர்கள் இருக்கிறார்கள். சேசிஸ் இலக்கத்தை அரைத்துவிட்டு வேறு அடிக்கிற வேலைக்கு டிப்போக் காலத்தில் என்னிடமே ஒருவர் வந்து கேட்டிருக்கிறார். காசும் நல்ல காசு. அடிக்கிற அச்சு என்னிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். இருந்தது. ஆகவே கள்ளனைப் பிடிக்கச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. டொலர் வெளியே போகிறது என்ற கவலையும் 2022ல் பெற்றோல் வரிசையில் படுத்து எழும்பிய எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் கிலோக் கணக்கில் வாங்குகிற அந்தக் காருக்குப் போகும் டொலர், இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கிற ஒரு கைபேசிக்குப் போவதைவிடக் குறைவு.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட, இங்கே பதிவில் இருக்கிற, வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிற ஒரு காருக்கு, அதே இனத்தில் ஒரே ஒரு செத்த காரைச் சாமானுக்காகக் கொண்டுவர விடுங்கள். துறைமுகத்திலேயே, சுங்க அலுவலரின் கண்ணுக்கு முன்னால், சேசிஸ் இலக்கம் இருக்கிற துண்டை வெட்டி எடுத்து அவர்களே வைத்துக்கொள்ளட்டும். கூரையின் தூண்களையும் அறுக்கட்டும். எனக்குக் கூரை வேண்டாம், கடல் கூரைக்கு வரவில்லை. இந்திய ஆர்.டி.ஓ. (வாகனப் பதிவு அலுவலகம்) பதிவு நீக்கிய கடுதாசியின் மூலப்பிரதியை வாங்கி முத்திரை குத்தட்டும். எஞ்சினை நான் பாவித்தால் அதன் இலக்கத்தை மோட்டார் வாகனத் திணைக்களத்தில் என் புத்தகத்தில் ஏற்றுகிறேன், பாவிக்காவிட்டால் அதையும் அவர்களே உடைக்கட்டும். மிச்சத்துக்குப் பழைய சாமான் என்று நிறுத்து வரி போடுங்கள், கட்டுகிறேன். 1489 சிசி என்று மட்டும் எழுதாதீர்கள். கோழி அடைகிடந்த காருக்குக் குதிரைவலு கிடையாது.

இதில் அவசரமும் இருக்கிறது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வருடம் கடந்த அரச வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அரச அலுவலகங்களில் மிஞ்சியிருந்த அம்பாசிடர்களும் அதோடு கிடங்குக்குப் போயிற்று. கிடங்குக்குப் போனது உலைக்குப் போக எவ்வளவு நாள்? சென்னை புதுப்பேட்டையில் இன்றைக்குக் கேட்டால் இருக்கிறது என்கிறார்கள். அங்கே போய்வருகிற என் மருமகன் ஒவ்வொரு முறையும் பழைய அம்பாசிடர் சாமான் குறைந்துகொண்டு வருவதாகச் சொல்கிறார்.

காரை விட்டுத்தொலைக்கலாமே என்று சொல்பவர்களுக்கு ஒன்று. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின், மொறிஸ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கார்பரேற்றரை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என் பெரியம்மா மகளைப் பிள்ளைப்பேற்றுக்கு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது அப்படி ஓடிய ஒஸ்டின் ஏ40 ஒன்று. கண்ணெரிச்சலோடு போய் இறங்கினாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது, கனடாவில் மின்சாரக் கார் ஓடுகிறான். நான் அவனைப் போகச் சொல்லவும் இல்லை, அவன் என்னை மாறச் சொல்லவும் இல்லை.

தங்கச்சியின் மகன் போன மாதம் அந்தக் கிடங்குக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். அந்த அம்பாசிடர் இன்னும் நிற்கிறது. முன்கண்ணாடியும் இடதுபக்க முன்கதவும் போய்விட்டன, மற்றது இருக்கிறதாம். வலதுபக்கப் பின்கதவைத் தட்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். தட்டி, அந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிந்து அனுப்பியிருக்கிறான்.

அதைக் கொண்டுவர ஒரு வழி திறக்கும்வரை, உங்கள் வாசகர்களில் யாருடைய வளவிலாவது ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3இன் பின் வலதுபக்கக் கதவு ஒன்று கிடந்தால், காலையில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருகிற பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். கைபிடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது என்னிடம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிற்றர்,
உவர்மலை, திருகோணமலை